நாய் போனாலும் உண்ணி போகாது

ஈப்போவில் செல்லப்பிராணிக் கடை எதற்குப் போனாலும் "உபாட் குத்து" என்று கேட்டால் போதும். கடைக்காரர் ஒரு புட்டியையோ பொடி டப்பாவையோ எடுத்து நீட்டிவிடுவார். மலாயில் தலைப் பேனும் குத்துதான், பூனையின் உடம்பில் குதிப்பதையும் குத்து என்றுதான் பெரும்பாலானோர் சொல்கிறார்கள், நாயின் காதில் ஒட்டிக்கிடப்பதும் பேச்சுவழக்கில் குத்துதான். நாமும் அப்படியே பழகிவிட்டோம். "நாய்க்குப் பூச்சி மருந்து குடுங்க" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

நம் பாட்டிமார்கள் இப்படிக் குழம்பவில்லை. தலையில் இருப்பது பேன். குதித்து ஓடுவது தெள்ளு, அதாவது தெள்ளுப்பூச்சி. தோலைக் கவ்விப் பிடித்துக்கொண்டு மொச்சைக் கொட்டைபோல் வீங்குவது உண்ணி. கட்டில் சந்தில் ஒளிந்திருப்பது மூட்டை. நான்கும் வேறு வேறு, நான்குக்கும் வைத்தியம் வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தவறான மருந்துக்குக் காசு கொடுப்பது பெரும்பாலும் பூச்சியின் பெயரைத் தவறாகச் சொல்வதில்தான் தொடங்குகிறது.

எனவே முதலில் பூச்சியை அடையாளம் காண வேண்டும். இதற்கு ஒரு காசும் செலவில்லை. ஒரு வெள்ளைத் துணியையோ டிஷ்யூ தாளையோ நனைத்துத் தரையில் விரித்து, பிராணியை அதன்மேல் நிறுத்தி, பேன் சீப்பால் வாலடியிலிருந்து முதுகுவரை வாருங்கள். மிளகுத்தூள்போல் கறுப்பாக ஏதாவது விழுந்து, ஈரம் பட்டதும் செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் கழிவு. பிராணியிடம் உறிஞ்சிய இரத்தம்தான் அப்படிக் கரைகிறது. உண்ணியை அறிய சீப்பு வேண்டாம், விரலே போதும். காது மடலின் உட்புறம், விரல் இடுக்குகள், கழுத்துப் பட்டையின் அடி ஆகிய இடங்களைத் தடவினால் சிறு பருபோல் தட்டுப்படும். பூனைகளிடம் பெரும்பாலும் காண்பது தெள்ளு. நம் ஊர் நாய்களைப் பாடாய்ப்படுத்துவது பழுப்பு நாய் உண்ணி.

வானொலியில் பேசுகிறவர்களுக்குக் குரல்பதிவுகள் வந்துகொண்டே இருக்கும். பிறந்தநாள் வாழ்த்து, பாட்டு விருப்பம், சில நேரம் மனக்குறை. போன ஆண்டு வந்த ஒரு பதிவைக் கேட்ட பிறகுதான் இந்த விஷயத்தை ஒழுங்காகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தாமான் ஒன்றிலிருந்து ஓர் இளம் தாய் பேசியிருந்தார். பின்னால் குழந்தையின் சிணுங்கல் கேட்டது.

"அக்கா, செவுத்துல உண்ணி ஏறுது. தொட்டிக் கயித்துலயும் ரெண்ட பாத்தேன். கைப்புள்ளைய வச்சிக்கிட்டு நான் என்னா செய்றது? வீட்டுக்காரரு நாய கொண்டுபோயி மார்க்கெட்டு பக்கம் விட்டுறலாம்னு சொல்றாரு. அது மாமியாரோட தோட்டத்துலேர்ந்து கூடவே வந்த நாயி. மாமி சாப்பிடாம உக்காந்திருக்காங்க."

அந்தக் கணவரைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2025இல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டானது. அதில் வீட்டு வாடகையும் பால்மாவும் மோட்டார் தவணையும் போனபின் நாய்க்கென்று என்ன மிஞ்சும்? கிளினிக்கில் சொன்ன தொகையைக் கேட்டு அவர்கள் மலைத்துப்போயிருந்தார்கள். கடையில் வாங்கிய பொடியை மூன்று முறை போட்டும் பலனில்லை.

ஈப்போவில் எனக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் முதலில் சொன்னது இதுதான்: "நாயை விட்டுவிட்டால் உண்ணி இன்னும் மோசமாகும்."

கேட்கப் புதிராக இருந்தது. அவர் விளக்கியதும் புரிந்துவிட்டது. பழுப்பு நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே பிறந்து, வளர்ந்து, குட்டி போட்டுக் குடும்பம் நடத்தக்கூடியது. வயிறு நிறைய இரத்தம் குடித்ததும் நாயிடமிருந்து விழுந்து சுவரில் ஏறிவிடும். வெடிப்பு, கதவு நிலை, மின்கம்பிக் குழாய், கூரைச் சந்து என்று எங்கேயாவது புகுந்து, தோல் உரித்து அடுத்த பருவத்துக்கு மாறும். பெண் உண்ணி அங்கே ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். பொரித்து வருகிறவை மறுபடியும் நாயைத் தேடி வரும். ஆக, நம் கண்ணுக்குத் தெரிகிற சில உண்ணிகளுக்குப் பின்னால் ஒரு பெரிய கூட்டமே சுவருக்குள் இருக்கிறது. அவை பல மாதங்கள் பட்டினி கிடந்தும் உயிரோடு இருக்கும். நாயை வெளியேற்றிவிட்டால் பசித்துக் கிடப்பவற்றுக்கு எஞ்சியிருப்பது தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் பாயில் படுத்திருக்கும் மாமியாரும்தான்.

சரியான மருந்து உடம்பில் உள்ள நாய் வீட்டில் இருந்தால் கதையே வேறு. சுவரிலிருந்து இறங்கி வந்து அதைக் கடிக்கிற உண்ணிகள் செத்துப்போகும். வீட்டிலுள்ள உண்ணிகளை நமக்காகப் பிடித்துக்கொடுப்பதே அந்த நாய்தான். பூனையும் தெள்ளும் இதே கதைதான். பூனையை விரட்டிவிட்ட வீட்டில், கூட்டிலிருந்து வெளிவரும் தெள்ளுகள் நம் கணுக்காலைப் பதம்பார்க்கும்.

இந்தத் தொல்லை நம் தாத்தா காலத்தில் இவ்வளவு பெரிதாகப் பேசப்படவில்லையே, ஏன்? தோட்டத்து நாய் வீட்டுக்குள் வராது. லயத்தின் படிக்கட்டில் படுக்கும், மாட்டுக்கொட்டகை ஓரம் சுருளும், பால்வெட்டுக்குப் போகிற எசமானுக்குப் பின்னால் விடியற்காலையில் நிரைக்கு ஓடும். வீட்டுத் தரை அன்றாடம் கூட்டப்படும், வெள்ளிக்கிழமை சாணம் தெளிக்கப்படும், பாயும் போர்வையும் வெயில் காணும். உண்ணி இல்லாமல் இல்லை. ஆனால் நாயின் படுக்கையும் பிள்ளையின் படுக்கையும் ஒன்றாக இல்லை. இன்றைக்குத் தோட்டம் செம்பனையாகிவிட்டது, பல இடங்களில் வீட்டு மனையாகவும் ஆகிவிட்டது. நாம் நான்கு சுவருக்குள் வந்துவிட்டோம். நாயும் பூனையும் நம்மோடு உள்ளே வந்துவிட்டன. சோபா, மெத்தை, கம்பளம், மூடிய சன்னல். தெள்ளுக்கு இதைவிட நல்ல குடியிருப்பு கிடைக்காது. வீடு மாறிவிட்டது, வைத்தியம் மட்டும் லயத்து வைத்தியமாகவே நிற்கிறது.

அந்த லயத்து வைத்தியத்தில் ஆபத்தான ஒரு பகுதியும் உண்டு. நம் தமிழில் காய்ச்சல் மாத்திரையும் மருந்துதான், களைக்கொல்லியும் மருந்துதான். "மருந்தடிக்கப் போறேன்" என்றால் தோட்டத்தில் அது விஷம் தெளிக்கும் வேலை. மலாயா ரப்பர்த் தோட்டங்களில் ஒரு காலத்தில் லாலாங் புல்லைக் கருக்கவும் பழைய பால்மரங்களைச் சாகடிக்கவும் சோடியம் ஆர்சனைட் பயன்படுத்தினார்கள். அது ஆர்சனிக் நஞ்சு. தெளித்த புல்லை மேய்ந்த மாடுகள் செத்த கதையைப் பழைய தோட்டத்துக்காரர்கள் இன்னும் சொல்வார்கள். அதன் பிறகு வந்த பாராகுவாட் 2020 தொடக்கம் மலேசியாவில் தடைசெய்யப்பட்டது. தோட்டம் போனாலும், பெயர் ஒட்டாத மினரல் வாட்டர் புட்டியில் "ஸ்டோர் மருந்து" கொண்டுவரும் பழக்கம் சில வீடுகளில் போகவில்லை. "ஒரு மூடி மருந்த ஒரு வாளித் தண்ணில கலந்து நாய குளிப்பாட்டுங்க, ஒரு உண்ணி நிக்காது" என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அத்தோடு நிறுத்துங்கள். பயிருக்கும் கொசுவுக்கும் செய்த விஷத்தில் பிராணியின் எடைக்கு எவ்வளவு என்ற கணக்கு கிடையாது. நாய் தன் உடம்பை நக்கும், பிள்ளை நாயைத் தொட்டுவிட்டு விரலை வாயில் வைக்கும். மண்ணெண்ணெய் பூசுவதும் அப்படித்தான். அது தோலைப் புண்ணாக்கும், நக்கினால் உள்ளே போய் நுரையீரலையும் கெடுக்கும்.

கடையில் முறையாக விற்கிற மருந்தும் தவறான பிராணியின்மேல் பட்டால் விஷம்தான். புந்தோங்கில் எனக்குத் தெரிந்த வீடு ஒன்றில் ஒரு நாயும் ஒரு பூனையும் இருந்தன. நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தில் கொஞ்சம் மீந்தது. வீணாக்குவானேன் என்று பூனையின் கழுத்தில் விட்டார்கள். சில மணி நேரத்தில் பூனையின் காது துடிக்க ஆரம்பித்தது. பிறகு கால்கள் நடுங்கின, எச்சில் வழிந்தது, கடைசியில் வலிப்பே வந்துவிட்டது. மூன்று நாள் கிளினிக்கில் வைத்து அதைக் காப்பாற்றினார்கள். அந்த மருத்துவச் செலவில் பூனைக்கான சரியான மருந்தை இரண்டு ஆண்டுக்கு வாங்கியிருக்கலாம்.

அந்தச் சொட்டில் இருந்தது பெர்மெத்ரின். சாமந்தி இனப் பூவிலிருந்து கிடைக்கும் பூச்சிக்கொல்லியைப் பார்த்து ஆலையில் செய்யப்பட்ட வேதிப்பொருள் அது. நாயின் ஈரல் அதை உடைத்து வெளியேற்றிவிடும். அப்படி உடைப்பதற்குத் தேவையான நொதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. அதனால் மருந்து உடம்பிலேயே தங்கி நரம்புகளைத் தாக்குகிறது. நாய்களுக்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் பாதி அளவுக்குக்கூட இருக்கும். ஒரு பூனையைக் கொல்ல அதில் சில துளிகள் போதும். அப்படிப்பட்ட மருந்து போட்ட நாயோடு பூனை ஒட்டிப் படுத்தாலும் ஆபத்து உண்டு. தெரியாமல் பட்டுவிட்டால் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து மருந்து பட்ட இடத்தை உடனே கழுவி, துணியில் சுற்றி, கிளினிக்குக்கு ஓட வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மருந்துப் பெட்டியையும் கையோடு கொண்டுபோங்கள்.

இதேபோல் நாய்களின் சொறிக்கும் உண்ணிக்கும் தரப்படும் அமிட்ராஸ் பூனைக்கு ஆகாது. பூனைக்கும் நாய்க்கும் நன்றாக வேலை செய்யும் ஃபிப்ரோனில் முயலுக்கு ஆகாது. வீட்டில் என்னென்ன பிராணிகள் இருக்கின்றன என்பதை மருந்து வாங்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.

"இயற்கை வைத்தியம்தானே, என்ன கெடுதல்?" என்று கேட்பவர்கள் நம்மிடையே அதிகம். பூண்டும் வெங்காயமும் நாய், பூனை இரண்டுக்கும் சிவப்பணுக்களை உடைத்து இரத்தசோகையைக் கொண்டுவரும். கற்பூரத்தை எண்ணெயில் கரைத்துப் பூசுவது, டீ ட்ரீ எண்ணெய் தடவுவது இரண்டுமே நஞ்சாகலாம். பூனை தன் உடம்பை ஓயாமல் நக்குகிற பிராணி என்பதால் அதன்மேல் வேப்பெண்ணெய்கூட வேண்டாம். இயற்கை வழியில்தான் போக வேண்டும் என்றால் மூன்று பொருள் இருக்கிறது: சீப்பு, சோப்புத் தண்ணீர், வெயில். சீப்பில் அகப்படும் தெள்ளை சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் உதறினால் அது மிதக்க முடியாமல் மூழ்கிச் சாகும். எட்டு வாரம்கூட ஆகாத குட்டிகளுக்குப் பெரும்பாலான மருந்துகளைப் போடக்கூடாது. அவற்றுக்கு இந்தச் சீப்புதான் வைத்தியம். அலட்சியமாகவும் விட்டுவிடக்கூடாது. தெள்ளு மொய்த்தால் சிறு குட்டி இரத்தசோகையிலேயே செத்துப்போகும்.

சரி, மலிவானது எது? பெட்டியில் ஒட்டியிருக்கும் விலையைப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்காது. ஒரு மாதத்துக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். நாய்களுக்கு ஃப்ளூரலானர் என்ற மருந்துள்ள மாத்திரை, பிராவெக்டோ என்ற பெயரில் கிடைக்கிறது. ஒரு முறை கொடுத்தால் 12 வாரம் தெள்ளையும் உண்ணியையும் தடுக்கும். விலை 120 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 40 ரிங்கிட், ஒரு நாளைக்கு ஒரு ரிங்கிட் நாற்பது காசு சொச்சம், ஒரு தே தாரிக் விலைகூட வராது. 15 ரிங்கிட் பொடியை வாரம் ஒரு முறை வாங்கினால் மாதம் 60 ஆகிவிடும், பூச்சியும் அப்படியே இருக்கும். அந்தத் தாயின் வீட்டில் நடந்தது இதுதான். மலிவு என்று நினைத்து வாங்கிய பொடிக்குக் கூடுதலாகவே செலவழித்திருந்தார்கள்.

மாதம் ஒரு முறை தரும் நெக்ஸ்கார்டும் இதே வகை மருந்துதான். இந்த வகைக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. வலிப்பு, நடுக்கம் போன்ற நரம்புக் கோளாறுகள் சில பிராணிகளுக்கு வரக்கூடும் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2018 செப்டம்பரில் அறிவித்தது. மருந்தைத் தடை செய்யவில்லை. பெரும்பாலான பிராணிகளுக்குப் பாதுகாப்பானது என்றுதான் சொன்னது. உங்கள் நாய்க்கு முன்பு வலிப்பு வந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அவர் வேறு மருந்து தருவார். ஃபிப்ரோனில் உள்ள பிரண்ட்லைன், பூனைத் தெள்ளுக்குச் செலாமெக்டின் உள்ள ரெவல்யூஷன் போன்ற சொட்டு மருந்துகள் மாதக் கணக்குக்கு உரியவை. தோலில் விடும் சொட்டு மருந்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டாமல் இருந்தால்தான் மருந்து தோல் எண்ணெயில் பரவி நிற்கும். பலர் "மருந்து கேக்கல" என்று சலிப்பதற்குக் காரணம் மறுநாளே போட்ட ஷாம்பூவாக இருக்கும்.

சிக்கனம் என்று நினைத்துச் செய்யக்கூடாதவையும் சில இருக்கின்றன. பெரிய நாய்க்குரிய மாத்திரையை வாங்கி இரண்டு சின்ன நாய்களுக்கு உடைத்துக் கொடுக்காதீர்கள். மருந்து மாத்திரை முழுதும் ஒரே சீராகக் கலந்திருக்கும் என்று நம்ப முடியாது. ஒன்றுக்குக் கூடும், மற்றதற்குக் குறையும். இணையக் கடையில் பெட்டியில்லாமல் தனிக் குழலாக வரும் சொட்டு மருந்தை வாங்காதீர்கள். எடை அளவு, காலாவதித் தேதி, மருந்தின் பெயர் எதுவும் தெரியாது. எடை தெரிய கிளினிக் தராசு வேண்டாம். நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டுத் தராசில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறுங்கள், கழித்தால் எடை வந்துவிடும்.

உண்மையில் சிக்கனமான வழி தெரிந்தெடுத்துச் செலவு செய்வதுதான். காசைப் பிராணியின் உடம்புக்கான ஒரே ஒரு நல்ல மருந்துக்கு வையுங்கள். மற்றதை உடல் உழைப்பால் முடித்துவிடலாம். தெள்ளுக் கூட்டத்தில் பிராணியின் உடம்பில் நாம் பார்ப்பது ஏறத்தாழ 5 விழுக்காடுதான் என்பது கால்நடை மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. மீதி 95 விழுக்காடு முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் மெத்தையிலும் தரை இடுக்கிலும் கிடக்கிறது. ஒரு பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40, 50 முட்டைகூட இடும். முட்டை முடியில் ஒட்டாது, பிராணி நடக்கிற இடமெல்லாம் உதிரும். அதனால் விரிப்புகளை வாரம் ஒரு முறை சுடுநீரில் துவையுங்கள். வேக்குவம் இருந்தால் சோபா மடிப்பிலும் கட்டிலுக்கு அடியிலும் இழுத்து, பையை உடனே கட்டி வெளியே போடுங்கள். இல்லையென்றால் விளக்குமாறும் ஈரத் துணியும் போதும். உண்ணி என்றால் சுவர் வெடிப்பையும் கதவு நிலைச் சந்தையும் சிமெண்ட் பூசி அடையுங்கள். கண்ணில் பட்டதை விரலால் நசுக்காமல் இடுக்கியால் எடுத்து சோப்புத் தண்ணீரில் போடுங்கள். தீக்குச்சியால் சுடுவது, எண்ணெய் விடுவது இரண்டும் வேண்டாம். தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும்.

இரண்டு வாரத்தில் நிறுத்திவிடாதீர்கள். கூட்டுப்புழுவை எந்த மருந்தும் சுலபமாக எட்டாது. அது வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் காத்திருந்து, காலடி அதிர்வும் உடல் சூடும் பட்டதும் வெளிவரும். மருந்து போட்டபின்னும் புதுத் தெள்ளு தெரிவதற்கு இதுதான் காரணம். குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். வீட்டில் மூன்று பூனை இருந்தால் மூன்றுக்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். ஒன்றை விட்டால் அது மற்ற இரண்டுக்கும் திரும்பத் தந்துவிடும்.

அந்த சுங்கை சிப்புட் வீட்டில் இந்தக் கடைசி விஷயம்தான் பெரிய உதவியாக இருந்தது. அது வரிசை வீடு. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "பக்கத்து வீட்டிலும் நாய் இருக்கிறதா?" இரு பக்கமும் இருந்தன. சுவர் ஒன்றுதானே, உண்ணிக்கு எந்த வீடு யாருடையது என்று தெரியுமா? சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த மாமியார் எழுந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். பழைய லயத்துப் பழக்கம் அவருக்கு மறக்கவில்லை. மூன்று வீட்டாரும் ஒரே காரில் மூன்று நாய்களையும் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார்கள். ஒரே நாளில் மூன்றுக்கும் மாத்திரை. வாரக் கடைசியில் ஆண்கள் சுவர் வெடிப்புகளைப் பூசினார்கள், பெண்கள் விரிப்புகளை அலசிப் போட்டார்கள்.

அந்தப் பயணத்தில் இன்னொன்றும் தெரியவந்தது. மாமியாரின் நாய் சில நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, ஈறு வெளுத்திருந்தது. இரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா என்ற கிருமியை உண்ணி நாயின் இரத்தத்துக்குள் ஏற்றிவிடும். காய்ச்சல், சோர்வு, மூக்கில் இரத்தம், வெளுத்த ஈறு ஆகியவை அதன் அடையாளங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையில் குணமாகும், விட்டால் உயிரைக் குடிக்கும். மார்க்கெட்டுப் பக்கம் விட்டிருந்தால் அந்த நாய் அதிக நாள் இருந்திருக்காது. ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து அந்தத் தாய் அனுப்பிய பதிவில் பேச்சு குறைவு. "செவுரு சுத்தமா இருக்குக்கா. புள்ள நாய் வால புடிச்சிக்கிட்டு எந்திரிக்கப் பாக்குது" என்றார். மாமியார் சிரிக்கிற சத்தமும் கேட்டது.

கிளினிக் செலவுக்குப் பயப்படுகிறவர்கள் இன்னொரு வழியும் தெரிந்துகொள்ள வேண்டும். மாநிலக் கால்நடைச் சேவைத் துறையின் அரசாங்கக் கிளினிக்குகளில் கட்டணம் தனியாரைவிடப் பொதுவாகக் குறைவு. போகும் முன் அழைத்து நேரத்தையும் கட்டணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஈப்போ சுல்தான் அஸ்லான் ஷா சாலையில், பழைய டைகர் லேனில், 1948 முதல் கால்நடை ஆய்வுக் கழகம் இருக்கிறது. அது பிராணிகளின் நோய்களை ஆராயும் இடம், சொட்டு மருந்து வாங்கும் இடம் அல்ல. என்றாலும் நாட்டின் கால்நடை அறிவின் ஒரு மையம் நம் ஊரிலேயே இருக்கும்போது, நாம் இன்னும் பெயர் தெரியாத புட்டி மருந்தை நம்பிக்கொண்டிருப்பது பொருந்தவில்லை. சட்டமும் இதில் விளையாட்டில்லை. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் வளர்ப்பவர்மேல் பராமரிப்புக் கடமையைச் சுமத்துகிறது. விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு, மூன்றாண்டு வரை சிறையும் கிடைக்கலாம்.

ஆறுகளைப் பற்றியும் ஒரு சொல். இங்கிலாந்தின் 20 ஆறுகளின் நீரை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட முடிவில், எடுத்த மாதிரிகளில் 98 விழுக்காட்டில் ஃபிப்ரோனில் இருந்தது. செல்லப்பிராணிகளின் தெள்ளு மருந்து குளியல் நீரோடு கழுவி வந்திருக்கலாம் என்பதே ஆய்வாளர்களின் சந்தேகம். மீனுக்கு இரையாகும் நீர்ப்பூச்சிகளை அது கொல்லும். சொட்டு மருந்து விட்ட நாயை நம் கிந்தா ஆற்றிலோ பக்கத்து ஓடையிலோ அந்த வாரமே இறக்கிக் குளிப்பாட்ட வேண்டாம். காலிக் குழலைச் சாக்கடையில் எறியவும் வேண்டாம்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது வெறுமனே "உபாட் குத்து" என்று கேட்காதீர்கள். இது தெள்ளுக்கா, உண்ணிக்கா? நாய்க்கா, பூனைக்கா? எத்தனை கிலோவுக்கு, எத்தனை வார வயதுக்கு மேல்? எத்தனை நாள் தாங்கும்? இந்த நான்கையும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காமல் வந்துவிடுங்கள்.